பெருவிரலாரின் அளவு

ஆபரேஷன் தியேட்டரில் அவரைப் பெருவிரலார் என்றுதான் கூப்பிடுவார்கள். மயக்க மருந்துப் பிரிவில் இருபத்திரண்டு வருஷ டெக்னீஷியன். நோயாளி மயங்கியதும் டாக்டர் மூச்சுக்குழாய்க்குள் ட்யூபை இறக்குவார். காற்று ஓரமாகக் கசியாமலிருக்க, ட்யூபின் நுனியைச் சுற்றியிருக்கும் பலூனை ஊதிவிடுவது இவர் வேலை. உள்ளே இருப்பது கண்ணுக்குத் தெரியாது. அதோடு சேர்ந்த குட்டிப் பலூன் ஒன்று வாய்க்கு வெளியே தொங்கும். அதைப் பெருவிரலால் நசுக்கிப் பார்த்து, "சரியா இருக்கு" என்பார். அவர் சொன்னால் சொன்னதுதான், மறுபேச்சு கிடையாது. அழுத்தத்தை அளக்கும் கருவி பிரிக்காத பெட்டியோடு அலமாரியில் தூங்கியது. தொலைந்தால் யார் பதில் சொல்வது என்று பூட்டி வைத்ததும் அவர்தான்.

புதிதாக வந்திருந்த டாக்டரம்மா அன்று காலை சாவியைக் கேட்டு வாங்கினார்.

"நீங்க வழக்கம்போல ஊதுங்க. அப்புறம் நான் ஒரு தடவை அளந்து பாக்கறேன்."

"தாராளமா பாருங்க. என் விரல் பொய் சொல்லாது."

முள் இருபதுக்கும் முப்பதுக்கும் நடுவில் நிற்க வேண்டும். முதல் ஆளுக்கு அறுபத்தெட்டில் நின்றது. டாக்டரம்மா காற்றைக் குறைத்தார். இரண்டாவது ஆளுக்கு எழுபத்திரண்டு. கருவிதான் கோளாறு என்று பெருவிரலார் முணுமுணுக்க, பக்கத்து தியேட்டரிலிருந்து வேறொன்று வந்தது. அதுவும் மூன்றாவது ஆளுக்குக் கூசாமல் எழுபது காட்டியது.

"இவ்ளோ இறுக்கினா உள்ள இருக்கற சதைக்கு ரத்தம் போகாதுங்க. தொண்டை புண்ணாகும், குரல் கம்மிடும்" என்றார் டாக்டரம்மா. "இதுக்கு யார் விரலும் பத்தாது. என் விரலும்தான்."

நல்ல மனுஷி, திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது பெருவிரலாருக்கு.

ஆறு வாரத்துக்கு முன்னால் பித்தப்பைக் கல்லுக்காக அதே மேசையில் படுத்தவள் அவருடைய அக்கா. "என் தம்பிதான் பக்கத்துல நிக்கணும்" என்று அடம்பிடித்துப் படுத்தாள். மூன்றரை மணி நேரம். அன்றைக்கும் நசுக்கிப் பார்த்துதான் ஊதினார். அக்காவாயிற்றே, கசிந்து தொலைக்கக் கூடாது என்று இன்னும் கொஞ்சம் கூடவே ஊதினார்.

அக்காவுக்குப் பஸ் நிலையத்தில் வேலை. மைக்கில் எந்த பஸ் எங்கே நிற்கிறது என்று அறிவிப்பவள். அந்தக் குரல் இன்னும் திரும்பவில்லை. திரும்பும், ஆனால் மாதக்கணக்கில் ஆகலாம் என்கிறார் தொண்டை டாக்டர். திங்கட்கிழமை வரைதான் பொறுப்பேன் என்கிறார் நிலைய மேலாளர். "ஐஸ் தண்ணி குடிச்சிருப்ப" என்று ஆறு வாரமாக அக்காவைக் கடிந்துகொண்டிருந்தவர் சாட்சாத் பெருவிரலார்.

நான்காவது ஆளுக்கு அவரே அளந்தார். இருபத்தைந்து. ஐந்தாவது, ஆறாவது ஆட்களுக்கும் அளந்தார். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. இருபத்திரண்டு வருஷமாக, மறுநாள் கரகரத்துப் பேசியவர்களிடமெல்லாம் "ரெண்டு நாள்ல சரியாயிடும்" என்று சொல்லிவிட்டு நகர்ந்தது ஞாபகம் வந்தது. கால் விண்விண்ணென்று தெறித்தது. வீட்டுக்குப் போய் விழுந்தால் போதும் போலிருந்தது. ஆனாலும் அக்கா வீட்டுக்குத்தான் போனார்.

மாமா கதவைத் திறந்தார். அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"சாப்டியாடா?" என்றாள், பாதி காற்றாக.

பெருவிரலார் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"ஐஸ் தண்ணி இல்லக்கா. நான்தான். அளக்கற கருவி இருந்துச்சு, அதை நான்தான் பூட்டி வெச்சேன். விரலை நம்பி ஊதினேன். உனக்குன்னு கூடவே ஊதினேன்."

அக்கா கையிலிருந்த சட்டையை மடிக்காமல் வைத்தாள். முகம் சிவந்தது. சின்ன வயதில் அவள் இவரைத் திட்டினால் தெருமுனை வரை கேட்கும். அந்தத் திட்டு வேண்டித்தான் வந்திருந்தார். அக்கா வாயைத் திறந்தாள். கண்ணில் நீர் முட்ட, கையை ஆட்டி ஆட்டி, விடாமல் திட்டினாள். உதடு அசைந்ததே தவிர ஒரு வார்த்தையும் எட்டவில்லை.

பெருவிரலார் நாற்காலியை இழுத்துப் போட்டு, அவள் வாயருகே காதைக் கொண்டுபோய், முழுவதையும் கேட்டுக்கொண்டார்.