பாவாத்தாள் மறைக்காத வயசு

பாவாத்தாளுக்கு முதலில் வீங்கியது கால். அப்புறம் முகம். கருமத்தம்பட்டியில் தறிக்குடோனில் பன்னிரண்டு மணி நேரம் நின்று வேலை பார்க்கிறவளுக்குக் கால் வீங்காமல் என்ன செய்யும் என்று அவளும் விட்டுவிட்டாள். பத்து வருஷத்துச் சர்க்கரையையும் அப்படித்தான் விட்டிருந்தாள். தொண்ணூற்றேழு ஆடியில் ஒரு நாள் மூச்சு வாங்கி, தறி ஓரமாகவே சாய்ந்துவிட்டாள். மகள் மதிவதனி கோயமுத்தூரில் ஒரு டிரஸ்ட் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். இரண்டு கிட்னியும் போய்விட்டது, வாரம் இரண்டு தடவை மெஷினில் ரத்தத்தைச் சுத்தம் பண்ணியாக வேண்டும் என்றார்கள்.

மெஷின் மூன்றுதான் இருந்தது. அந்த வார்டின் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. அறுபது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு டயாலிசிஸ் இல்லை.

டாக்டரைப் பார்க்க மூன்று நாள் பெஞ்சில் காத்திருந்தார்கள். பாவாத்தாள் சும்மா இருக்கிற ஆள் இல்லை. வருகிறவர், போகிறவர் எல்லாரிடமும் எந்த ஊர், என்ன நோவு, எத்தனை வயசு என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். உக்கடத்துத் திருமலைசாமி, ரிட்டயர்டு பஸ் கண்டக்டர், மதிவதனியை ஓரமாகக் கூப்பிட்டார்.

"பாரத்துல அம்பத்தெட்டுன்னு எழுதிப்போடு அம்மணி. நான் அப்பிடித்தான் உள்ள போனேன். எனக்கு அறுபத்தொம்பது முடிஞ்சுபோச்சு."

மதிவதனியும் எழுதினாள். பக்கத்தில் இருந்தவளைப் படிக்கச் சொல்லிக் கேட்ட பாவாத்தாளுக்குக் கோபம் வந்துவிட்டது.

"அத அடிச்சுப்போடு கண்ணு."

"உசுரு போற நேரத்துல என்னம்மா வீம்பு உனக்கு?"

"ஆறு வருசத்த ஒளிச்சு வெச்சாத்தான் நான் பொழைக்கோணுமா? நான் பாடுபட்ட வருசம் அது. அறுபத்திநாலுன்னு எழுது."

மதிவதனி அழுதுகொண்டே எழுதினாள்.

டாக்டர் பாலகோபால் பாரத்தைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். "ரூல் நான் போட்டதில்லீங்கம்மா. இந்த வார்டு ஆரம்பிச்சப்ப வந்தவங்கெல்லாம் முப்பது, நாப்பது வயசுக்காரங்க. சின்னக் குழந்தைங்க இருக்கறவங்க. அவங்களுக்குத்தான் முதல்லன்னு முடிவு பண்ணினாங்க."

"ஞாயந்தானுங்க. இப்ப யாரு வாராங்கன்னு பாத்தீங்களா?"

"ரிஜிஸ்தர்ல இருக்கே. எல்லாரும் அறுபதுக்குள்ளதான்." சொல்லிக்கொண்டே பக்கத்தைப் புரட்டியவர் நின்றுபோனார். ஐம்பத்தெட்டு, ஐம்பத்தேழு, ஐம்பத்தெட்டு, ஐம்பத்தொன்பது.

"மூணு நாளா பதினாலு பேர்கிட்டக் கேட்டுப்போட்டனுங்க. அதுல இளந்தாரி ரெண்டே பேரு. மத்தவிங்க எல்லாம் என்னாட்டத்தான். சர்க்கரை, பிரசர், நரைச்ச தலை. கதவுல இருக்கற தாளுக்குப் பயந்து பொய் சொல்றாங்க. அந்தப் பொய்ய வெச்சுக்கிட்டு நீங்க தாள எடுக்காம இருக்கறீங்க."

"யார் யாருங்கம்மா?"

"பேரு சொல்ல மாட்டனுங்க. எம்பட வயசு அறுபத்திநாலு. அத மட்டுந்தான் நான் சொல்லுவேன். எனக்கு மெஷின் இல்லைன்னா என்ற மூஞ்சியப் பாத்து நீங்களே சொல்லுங்க. தாளக் காட்டாதீங்க."

டாக்டர் எழுந்தார். ரிஜிஸ்தரைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே நடந்தார்.

உள்ளே பேசியது பெஞ்சுக்கு நன்றாகவே கேட்டிருந்தது. திருமலைசாமி எழுந்து, டாக்டர் பின்னால் வந்த பாவாத்தாளை மறித்தார். "எங்க வாயில மண்ணள்ளிப் போட்டுட்டியே!"

தன்னால் இன்னொருவர் உயிர் போய்விடுமோ என்று பாவாத்தாள் முதல் தடவையாகப் பயந்தாள். ஆனால் குரலை இறக்கவில்லை. "உங்க எடம் போச்சுன்னா நானும் மெஷின்ல ஏற மாட்டனுங்க."

"யாரையும் எறக்கப் போறதில்லை," என்றார் டாக்டர். "நெசமான வயசு மட்டும் வேணும். அது இல்லாம நான் மேல போய்ப் பேச முடியாது."

திருமலைசாமி பாவாத்தாளை முறைத்துப் பார்த்தார். பிறகு, டிக்கெட் கேட்டு அதட்டுகிற குரலில், "அறுபத்தொம்பது! எழுதுங்க," என்றார். மூலையில் இருந்த வெங்கடலட்சுமி, "எனக்கு எழுபத்தொண்ணுங்க," என்றாள். நர்ஸ் சிவப்புப் பேனாவை எடுத்தாள். அன்று பதினொரு பேருடைய வயசு திருத்தப்பட்டது.

சாயந்திரமே டாக்டர் தன் பொறுப்பில் பாவாத்தாளை மெஷினில் ஏற்றினார். டிரஸ்டிகள் அவரைக் கூப்பிட்டுச் சத்தம் போட்டார்கள். அவர் அந்த ரிஜிஸ்தரை அவர்கள் முன்னால் விரித்து வைத்தார். சிறு வயசுக்காரர்களுக்கு இடம் குறையாமலிருக்க, காலை ஐந்து மணிக்கு ஒரு ஷிப்ட் கூட்டச் சம்மதம் வாங்கினார். இரண்டு வாரம் கழித்துக் கதவில் இருந்த தாளைக் கிழித்தார்கள். வயசைப் பார்க்காமல், உடம்பு தாங்குமா என்று பார்த்து எடுப்பது என்றானது.

பாவாத்தாள் அதற்கப்புறம் மூன்று வருஷம் இருந்தாள். ஐந்து மணி ஷிப்டில் பக்கத்துக் கட்டில் திருமலைசாமிக்கு. கோபம் தீராத மனுஷன்.

"உன்னாலதான் இங்க எல்லாரும் என்னைக் கிழவன்னு கூப்பிடறாங்க," என்பார்.

"கிழவன்தானுங்களே நீங்க," என்பாள் பாவாத்தாள், ஊசிக்குக் கையை நீட்டிக்கொண்டே. "கிழவனாவே இருந்து பொழைங்க."