வினாயகமூர்த்தி சேர் எழுதிய சொல்வதெழுதுதல்

சுனாமியில் நாவலடிக்குள் கடல் வந்த அன்று வதனியின் கணவன் அதோடு போனான். நாலு வயது மகள் பிரஷாந்தியோடு அவள் தன்னாமுனைக்கு வந்து, பிறகு மகளை அங்கே ஒரு தகரக்கூரைப் பள்ளியில் சேர்த்தாள்.

வீட்டில் வாயாடும் பிள்ளை வகுப்பில் தடுமாறினாள். "பட்டம்" என்றால் "வட்டம்" என்று எழுதினாள். கடலுக்குப் பயந்த பிள்ளை என்றார்கள். ஆஸ்பத்திரியில் காதைச் சோதித்தால் குறையில்லை என்று துண்டு வந்தது.

"காது கேக்குது. அப்ப இது கொழுப்பு" என்றார் வகுப்பாசிரியர் வினாயகமூர்த்தி. கடைசி வரிசை வாங்கில் இருத்தி, சொல்வதெழுதுதலில் பிழைக்கு ஓர் அடி போட்டார். இரண்டு வருஷம். அவரை நம்பி வதனியும் ஒருநாள் மகளை அடித்தாள்.

சண்டை முடிந்த வருஷம், பட்டணத்துக்கு வந்த கேட்கும் திறனைச் சோதிக்கும் றமீஸா, பிரஷாந்தியின் இரண்டு காதிலும் ஹெட்போன் மாட்டி வேறு வேறு சொற்களைப் போட்டார். பின்னால் சந்தை இரைச்சல் போட்டார். பிள்ளை திணறினாள்.

"காதில பிழையில்ல. இரைச்சலுக்குள்ள சொல்லைப் பிரிச்செடுக்க மூளை கஷ்டப்படுது. முன்னுக்கு இருத்தி, முகம் பாத்து, சின்னச் சின்னதாச் சொல்லணும்."

வதனி அழவில்லை. அறிக்கையை வைத்துக்கொண்டு பெற்றோர் கூட்டம் வரை காத்திருந்தாள்.

அன்று கார்த்திகை மழை தகரத்தில் கொட்டியது. அதிபர் முன்னால் அறிக்கையை வைத்தாள். வினாயகமூர்த்தி சிரித்தார். "இதெல்லாம் படிக்காததுக்குச் சாட்டு."

"அப்ப நீங்க எழுதுங்க சேர். கடைசி வாங்கில இருந்து."

பெற்றோர் எல்லாரும் பார்த்ததால் அவரால் மறுக்க முடியவில்லை. வதனி கரும்பலகைப் பக்கம் முகத்தைத் திருப்பி, பத்துச் சொற்களைச் சாதாரணக் குரலில் வாசித்தாள். அதிபர் திருத்தினார். ஆறு பிழை.

மேசையிலிருந்த பிரம்பை வதனி எடுத்தாள்.

"கையை நீட்டுங்க."

"வதனி, வேணாம் புள்ள" என்றார் அதிபர்.

வினாயகமூர்த்தி நீட்டினார். ஆறு அடியும் அடித்தாள். கடைசி அடியைத்தான் ஓங்கி அடித்தாள்.

"மன்னிச்சுக்கொள்ளுங்க" என்றார் அவர்.

"ஏலாது."

தை மாதம் பிரஷாந்தி வேறு வகுப்பில், முதல் வாங்கில் இருந்தாள். வினாயகமூர்த்தி கிரான் பக்கம் மாற்றம் வாங்கிக்கொண்டு போனார். ஆசிரியரை அடிக்கலாமா என்று ஊரில் வதனியைக் கேட்டவர்கள் உண்டு.

"இன்னும் ரெண்டு வருஷ அடி மிச்சமிருக்கு" என்பாள்.