ஒன்றுபோல் இருந்த இரண்டு பேட்டர்ன்கள்

அலுவலக அறையில் நான், தலையில் அடிபட்டுப் பல மாதம் கழித்து வேலைக்குத் திரும்பிய எங்கள் டீம் அக்கா, அவளைக் கூட்டிவந்த அவள் கணவர் ஆகிய மூவரும் இருந்தோம். அவளுக்குப் பழையபடி யோசிக்க வருமா என்ற பயம் மூவருக்கும் இருந்தது.

சுலபமான வேலையாகப் பார்த்துக் கொடுத்தேன். எழுத்துகளுக்கு நடுவே ஃபோன் எண்ணை அதன் வடிவத்தை வைத்துக் கண்டுபிடிக்கும் ரீஜெக்ஸ் பேட்டர்ன்கள் எங்கள் புரோகிராம் கோடில் கண்ட இடத்தில் கிடந்தன. அவற்றை ஒரே மாட்யூலில் சேர்க்க வேண்டும். பாதியை நானே முடித்திருந்தேன்.

அவள் வெகுநேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவளுக்குத் தலை வலிக்குது போல, தம்பி," என்றார் கணவர்.

"என் தலைக்கு நீங்க எப்போ வக்கீலானீங்க?" என்றவள் என் பக்கம் திரும்பினாள். "ஏண்டா, இந்த ரெண்டையும் எதுக்கு ஒண்ணாக்கின?"

"ரெண்டும் ஒண்ணுதானேக்கா."

"இது விண்ணப்பத்துல ஃபோன் எண் கட்டத்துக்குள்ள எண் மட்டும்தான் இருக்கான்னு பாக்குது. அது நீளமான புகார்க் கடிதத்துக்கு நடுவுல எண்ணைத் தேடுது. நீ வெச்சிருக்கிறது கட்டத்துக்கானது, எண்ணைத் தவிர வேற எழுத்து இருந்தாலே ஒத்துக்காது; அதை வெச்சுக் கடிதத்துல தேடினா ஒண்ணும் சிக்காது. எண்ணோட வடிவத்தை மட்டும் பொதுவா வை. ரெண்டும் அதை எடுத்துக்கட்டும்."

ஓட்டிப் பார்த்தேன். கடிதங்களில் ஓர் எண்கூடச் சிக்கவில்லை. அவள் சொன்னபடி மாற்றியதும் எல்லாம் வந்தன.

அவள் கணவர் கண்ணாடியைக் கழற்றி, அழுக்கே இல்லாத அதை ரொம்ப நேரம் துடைத்தார்.

"சாயங்காலம் வந்து கூட்டிட்டுப் போறேன்."

"வேணாம், நானே வந்துடுறேன். நீங்க போய்க் கொஞ்சம் தூங்குங்க. எத்தனை நாளாச்சு."

வாசல்வரை போய், அவர் சட்டைக் காலரைச் சரிசெய்து அனுப்பினாள். பிறகு கதவைச் சாத்திவிட்டு வந்து, அடுத்த பேட்டர்னைத் திறந்தாள்.