நாற்பது நாள் தோட்டம்

சடசடவென்ற சத்தத்தில் சமையலறை ஜன்னல் அதிர்ந்தது. அடுப்பில் பொங்கி வந்த பாலை அப்படியே விட்டுவிட்டு லீமா வாசலுக்கு ஓடினாள்.

டிராக்டரின் பின்பெட்டி வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு லோடு ஜல்லி முன்வாசல் மண்ணில் குவியலாகக் கிடந்தது. தூசிக்கு நடுவே, துண்டால் மூக்கைப் பொத்தியபடி, அவள் கணவன் அருளானந்தம்.

"என்னாங்க இது?"

"ஜல்லி."

"அது தெரியுது. எதுக்கு?"

"தளம் போட. கேட்டுலேந்து வாசப்படி வரைக்கும் சிமெண்டு. மழ பேஞ்சா சேறு இல்ல, பூச்சி பொட்டு வராது, வண்டிய நிறுத்திக்கலாம்."

"இங்க செடி வைக்கணும்னு ரெண்டு வருஷமா சொல்லிக்கிட்டு இருக்கறேன்."

"சொல்லிக்கிட்டுதான இருக்கற."

அளவெடுக்க வந்திருந்த கொத்தனார் கொளஞ்சியப்பன், இருவருக்கும் நடுவில் நின்று தலையைச் சொறிந்தார். "என்ன வச்சிக்கிட்டு சண்ட போடாதீங்க. கருவேப்பிலங்குறிச்சில ஒரு வூட்டு வேல ஓடிக்கிட்டு இருக்குது. ஈஸ்டர் முடிஞ்சி மறுநாளுதான் நான் இங்க வர முடியும்."

லீமா மனசுக்குள் நாள் எண்ணினாள். தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன் போய் மூன்று நாள்தான் ஆகிறது. ஈஸ்டருக்கு இன்னும் நாற்பது நாளுக்கு மேல் இருந்தது.

"அதுவரைக்கும் இந்த எடம் எனக்கு. கொத்தனாரு வர அன்னிக்கு இங்க பச்சையா நாலு செடி நின்னா, தளம் கெடையாது."

"நிக்கலன்னா?"

"செடிங்கற பேச்சே எடுக்க மாட்டேன். நீங்க தெருவரைக்கும் சிமெண்டு போட்டுக்கங்க."

"கொத்தனாரே, சாட்சி நீங்கதான்" என்றான் அருளானந்தம். அவன் முகத்தில் வெற்றி தெரிந்தது. அந்த மண்ணைப் பார்த்த யாரும் அவன்தான் ஜெயிப்பான் என்பார்கள்.

பள்ளமாகக் கிடந்த மனையை, முன்னால் இருந்தவர்கள் செராமிக் எஸ்டேட் கழிவு கொட்டி மேடாக்கியிருந்தார்கள். மண்வெட்டியைப் போட்டால் 'ணங்' என்று திரும்பி வரும். உடைந்த பீங்கான் பீஸ்கட்டைகள், காதில்லாத கோப்பைகள், ஒரு தடவை மூக்கு போன பொம்மைத் தலை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவர்களுக்குக் கம்மாபுரம் பக்கத்தில் நிலமும் வீடும் இருந்தன. நிலக்கரிச் சுரங்கத்துக்காக இரண்டையும் எடுத்துக்கொண்டார்கள். வந்த பணத்தில் விருத்தாசலத்தில் இந்த வீட்டை வாங்கினார்கள். லீமாவுக்கு வேலை பக்கத்தில் வந்தது. பதினாறு வருஷமாகப் பஸ்ஸில் வந்து போன செராமிக் யூனிட் இப்போது நடக்கிற தூரம். அருளானந்தத்துக்குத்தான் நிலத்தோடு வேலையும் போயிற்று. ஒரு லோடு ஆட்டோ வாங்கி, சரக்கு ஏற்றிப் பெண்ணாடம் வரை ஓட்டிக்கொண்டிருந்தான். கேட்டிலிருந்து வாசப்படிக்கு வரிசையாகச் செங்கல் பதித்திருந்தான். வரும்போதும் போகும்போதும் அந்தச் செங்கல்மேல்தான் கால் வைப்பான். மண்ணில் இறங்க மாட்டான்.

லீமா ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து வேலையைத் தொடங்கினாள். தோண்டினாள். யூனிட்டிலிருந்து ஒரு பழைய சல்லடையைக் கேட்டு வாங்கி வந்து மண்ணைச் சலித்தாள். அவளுக்குத் தெரிந்த மண்வேலை அதுதான். பொம்மை மண்ணில் பொடிக்கல் ஒன்று இருந்தாலும் சூளையில் வெடித்துவிடும். ஒரு வாரம், காலையில் ஒரு மணி, சாயங்காலம் ஒரு மணி. ஓடும் சில்லும் ஒரு பக்கம் குவிய, மறுபக்கம் மாவு மாதிரி மண். நான்கு பாத்தி கட்டி, கீரை விதைத்து, கத்தரி நாற்று நட்டு, தண்ணீர் ஊற்றினாள். பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. ராத்திரி படுக்கும்போது கை இரண்டும் விண்ணென்று வலித்தது. அந்த வலிகூடப் பிடித்திருந்தது.

மாசி வெயில் எட்டு நாள் காய்ந்தது. கீரை முளைக்கவில்லை. கத்தரி நாற்று தலை தொங்கிற்று. பாத்தி பளபளவென்று இறுகிக் கிடந்தது. சந்தேகத்தோடு குனிந்து விரல் முட்டியால் தட்டினாள்.

'டங்' என்றது.

யூனிட்டில் லீமாவின் வேலை தட்டிப் பார்ப்பது. சூளையிலிருந்து வரும் பீஸ்கட்டையை ஒரு தட்டு தட்டுவாள். 'டங்' என்றால் நல்ல சரக்கு. 'டொக்' என்றால் உள்ளே விரிசல். பதினெட்டு வருஷமாக அந்த 'டங்'குக்குக் காது கொடுத்தவளுக்கு, அன்றைக்கு முதல்முறையாக அது கேட்கக் கூடாத சத்தமாக இருந்தது.

பக்கத்து மேசையில் வேலை பார்க்கும் பூர்ணிமாவிடம் சொன்னபோது அவள் சிரித்துச் சிரித்து இருமினாள்.

"யக்கா, தோட்டம் போடச் சொன்னா தட்டு செஞ்சி வச்சிருக்கற. மேல பளபளன்னு கிளேஸ் பூசிடு, வித்துடலாம்."

"சிரிடி. உனுக்கென்ன."

"அண்ணன் என்னா சொல்றாரு?"

"ஒண்ணும் சொல்லல. செங்கல்லு மேல நின்னு பாத்துட்டுப் போறாரு. அதுதான் தாங்கல."

மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவ யூனிட்டின் பின்பக்கம் போனாள். சுவரோரம், வருஷக்கணக்காகக் கொட்டிய உடைசல் குவியல். தினமும் பார்க்கிற குவியல்தான். அதன் இடுக்கெல்லாம் குப்பைமேனியும் தும்பையும் நெஞ்சு உயரத்துக்கு நின்றன. யாரும் நடவில்லை, தண்ணீர் ஊற்றவில்லை. லீமா ஈரக் கையோடு நின்று பார்த்தாள். ஒரு தும்பையைப் பிடுங்கினாள். சில்லும் சருகும் நொறுங்கிய மண்ணுமாக வேர் பொலபொலவென்று வந்தது.

அந்தக் குவியலை யாரும் சலிக்கவில்லை.

சாயங்காலம் பாத்திகளைக் கடப்பாரையால் உடைத்தாள். எதைப் பொறுக்கி எறிந்தாளோ அதையே கூடையில் அள்ளி வந்து, சுத்தியலால் சின்னதாக நொறுக்கிக் கலந்தாள். அருளானந்தம் சரக்கு இறக்கிவிட்டு வந்தவன் செங்கல் மேல் நின்றான்.

"எடுத்தத திரும்பப் போடற?"

"போடறேன்."

"ஒரு வாரம் எடுக்கறது, ஒரு வாரம் போடறதா?"

"பெண்ணாடத்துலேந்து சும்மாதான வண்டி வருது? சக்கர ஆலைக் கழிவுமண்ணு ரெண்டு மூட்ட போட்டாந்தா என்ன கொறஞ்சிடும்?"

"எதிராளிக்கு எரு கொண்டாரச் சொல்றியா?" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டான்.

இரண்டு நாள் கழித்துக் காலையில் கேட்டுப் பக்கம் மூன்று மூட்டை இருந்தது. கறுப்பாக, புளித்த வெல்ல வாசனையோடு. "ஏத்திவுட்டுட்டானுங்க" என்றான், அவள் கேட்பதற்கு முன்னாலேயே.

அதைப் பாத்தியில் கலந்த பிறகு லீமா அவசரப்படவில்லை. தண்ணீர் ஊற்றினால் தேங்காமல் இறங்குகிறதா என்று பார்த்தாள். இறங்கியது. மறுபடி கீரையும், கருகிய கத்தரிக்குப் பதில் வெண்டையும் விதைத்தாள். நான்காம் நாள் கீரை, ஊசி முனையாய், சிவப்பாக எட்டிப் பார்த்தது. ஆறாம் நாள் வெண்டை. அவள் யூனிட்டுக்குப் புறப்படும்முன் ஐந்து நிமிஷம் சும்மா நின்று பார்க்கத் தொடங்கினாள். அதுவரை இந்த வீடு அவளுக்கு வேலைக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு கூரை. இப்போது சாயங்காலம் யூனிட்டில் சங்கு ஊதினால் கால் தானாக வேகம் பிடித்தது. நேற்று இரண்டு இலை இருந்தது இன்று மூன்றாகியிருக்குமா என்று பார்க்கத்தான். தெருவில் போகிறவர்கள் கேட்டருகே நின்றார்கள். ஒரு அம்மாள் செம்பருத்திக் கன்று கொடுத்தாள், இன்னொருத்தி கனகாம்பர விதை.

ஈஸ்டருக்கு மறுநாள் கொளஞ்சியப்பன் சொன்னபடி வந்துவிட்டார். முளைக்கீரை இரண்டு பாத்தி நிறைய நின்றது. வெண்டை ஒரு சாண் உயரம். செம்பருத்தியில் ஒரு பூ விரிந்திருந்தது, ஒரு மொட்டு நாளைக்கு என்றது.

"பச்சையாத்தான் இருக்குது" என்றார் கொத்தனார். "இருந்தாலும் அண்ணன் ஒரு வார்த்த சொல்லட்டும். அதுக்குள்ள நான் அளந்து வைக்கறேன்."

லீமா வாசப்படியில் நின்றாள். பேச்சு பேச்சுதான் என்றாலும், வாங்கிப் போட்ட ஜல்லி அங்கேயேதான் கிடந்தது. அருளானந்தம் செங்கல் மேல் நின்றான்.

கொளஞ்சியப்பன் கயிற்றைப் பிரித்தார். கீரைப் பாத்தியின் மூலையில் ஒரு முளைக்குச்சியை வைத்துச் சுத்தியலால் அடித்தார். ஒரு அடி. இரண்டாவது அடி.

அருளானந்தத்தின் முகம் மாறியது. லீமா அந்த முகத்தை முன்பு ஒரு தடவை பார்த்திருக்கிறாள். நிலத்தை அளக்க வந்தவர்கள் நம்பர் போட்ட கல்லை வயலில் நட்ட அன்றைக்கு. அவன் வைத்து நாலு வருஷமான பலா பன்னிரண்டு நின்றது அங்கே. அவர்கள் இழப்பீட்டுப் பட்டியலில் 'காய்க்காத மரம்' என்று எழுதிக்கொண்டார்கள். அன்றைக்கும் இவன் ஒன்றும் சொல்லவில்லை.

அருளானந்தம் செருப்பைக் கழற்றினான். செங்கல்லிலிருந்து மண்ணில் இறங்கினான். இரண்டு எட்டில் மூலைக்குப் போய்க் குச்சியைப் பிடுங்கிக் கொத்தனார் கையில் கொடுத்தான்.

"அண்ணே, ஜல்லிய என்னா பண்றது?"

"செங்கல்ல எடுத்துட்டு நடக்க ஒரு பாத போடுங்க. ரெண்டடி போதும்."

பிறகு அவன் லோடு ஆட்டோவுக்குப் போனான். தார்ப்பாய்க்கு அடியிலிருந்து ஈரச் சாக்கு சுற்றிய ஒரு கன்றை எடுத்து வந்தான். பலா. கீழ் இலை இரண்டு பழுத்திருந்தது. வண்டியிலேயே சில நாள் இருந்திருக்க வேண்டும்.

"எப்ப வாங்கினீங்க?"

"போன வாரமே, குருத்தோலை ஞாயித்துக்கு மறுநாள்."

லீமா மண்வெட்டியை எடுத்தாள். "சொவத்துலேந்து தள்ளி, அந்த மூலையில வைக்கலாமா?"

அவன் கன்றைக் கீழே வைக்கவில்லை. குழந்தையைப் பிடிப்பது போல் பிடித்துக்கொண்டு நின்றான்.

"இது காய்க்க அஞ்சாறு வருஷமாவும், லீமா. அதுவரைக்கும் நம்மள இந்த வூட்டுல வுட்டு வப்பாங்களா?"