கம்ப்யூட்டருக்குப் போட்ட பனியன்

1

இந்தக் கதை பயத்தில் பிறந்தது. ஒருவரிடம் நேரில் சொல்லவேண்டிய ஒரே ஒரு வரி இருக்கிறது. சொல்லத் தைரியம் இல்லை, அதனால் கதை எழுதுகிறேன். உலகத்தில் பாதிக் கதைகள் இப்படித்தான் எழுதப்பட்டிருக்கும் என்பது என் சந்தேகம். எழுதியவர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

சரி, தொடக்கம்:

2006ஆம் வருடத்து வைகாசி வெயில் திருப்பூரை ஒட்டிய நெருப்பெரிச்சலின் தகரக் கூரைகள்மீது ஒரு மகத்தான சோகத்தைப்போல

அணைந்துவிட்டது. வெயில் இல்லை, கம்ப்யூட்டர். பின்னால் ஒரு பெரிய படம் திறந்துகொண்டிருக்கிறது, முன்னால் நான் தட்டிக்கொண்டிருக்கிறேன். பாரம் தாங்கவில்லை. மறுபடி ஆன் செய்து பார்த்தால் அரை வாக்கியம் மிச்சம். போகட்டும், முழுசாக வந்திருந்தால் நானே வாசித்திருக்க மாட்டேன்.

2

நேராகவே சொல்கிறேன். இந்துமதிக்கு இருபத்தாறு வயது. கணவன் அருண்குமார் பனியன் துணி பின்னும் நிட்டிங் மிஷின் எட்டு வைத்திருக்கிறான். முன்னால் மிஷின்கள், பின்னால் வீடு. பஞ்சு பறந்து தயிரில்கூட ஒரு இழை மிதக்கும்.

அந்த வீட்டுக் கம்ப்யூட்டரில் இந்துமதி குழந்தைகள் சட்டைக்காக ஒரு எருமைக்கன்று வரைந்திருக்கிறாள். நாக்கை நீட்டித் தன் மூக்கையே நக்கும் கன்று. கல்யாணமாகி நான்கு வருடத்தில் அவள் தனக்கென்று செய்த முதல் காரியம் அதுதான். [இந்த வரி கொஞ்சம் அழுகிறது. வெட்டிவிடலாமா? வேண்டாம், உண்மைதானே.]

நாளைக் காலை பத்து மணிக்கு எக்ஸ்போர்ட் கம்பெனிக்காரர் டிசைன் பார்க்க வருகிறார். ஆனால் படத்தை முழு அளவில் திறந்தால், மூக்கு வரும், நாக்கு வருவதற்குள் 'டப்'. சீட்டாட்டம் மட்டும் நாள் முழுக்க ஓடுகிறது.

"வெளையாட்டுன்னா ஓடுது, வேலைன்னா படுத்துக்குது. நம்ம ஆளுகளாட்டவே இருக்குது," என்றான் அருண்குமார். "நாளைக்குள்ள கன்னுக்குட்டி வரலீன்னா எப்பவும்போல அந்தக் கரடி டிசைனவே குடுத்துரலாம்."

"இன்னும் எத்தன வருசத்துக்குங்க அந்தக் கரடி?"

"கரடி என்ன பண்ணுச்சு பாவம்?"

3

இந்துமதி செய்து பார்த்தவை: வைரஸ் தேடினாள். மெமரி மாற்றினாள். விண்டோஸை அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டாள். ஆயுத பூஜைச் சந்தனம் உள்ளே இறங்கியிருக்குமோ என்று அதையும் சுரண்டி எடுத்தாள். கடைசியில், கோவில்பட்டிப் பக்கமிருந்து வந்து இங்கே கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் மாரிச்செல்வத்துக்குப் போன் போட்டாள்.

"சூடாகித்தான் அணையுதுன்னு நெனைக்கேன்க்கா. பெரிய படம்னா உள்ள கொதிக்கும்லா. பெட்டிய எதையும் வச்சு மூடியிருக்கியளா?"

"இல்லீங்க, மூடவே இல்லீங்க."

"நல்லா பாத்துச் சொல்லுங்க."

"மூடலீங்க."

பொய் இல்லை. மூடவில்லை, போட்டிருந்தது.*

(* மூடுவது வேறு, போடுவது வேறு. குண்டாவை மூடுவார்கள், ஆளுக்குப் போடுவார்கள். பனியன் போட்ட ஒருவரைப் பார்த்து 'மூடி வைத்திருக்கிறார்கள்' என்று திருப்பூரில் யாரும் சொல்வதில்லை.)

4

இனி வருபவரை நீங்கள் நம்பமாட்டீர்கள். நானே மூன்று முறை அடித்து எழுதினேன். ஆயம்மாள், இந்துமதியின் மாமியார்.

கம்ப்யூட்டர் வந்த அன்றே, பஞ்சு போகாமலிருக்க, சிபியு பெட்டிக்கு அவர் ஒரு பனியன் தைத்தார். மிஷினிலிருந்து குழாய்போல வரும் துணி, பெட்டிக்கு அளவெடுத்ததுபோல இறங்கியது. மேலே, இழுத்தால் விரியும் ரிப் வைத்த கழுத்து. சுவிட்சை அமுக்க ஒரு காஜா ஓட்டை. உள்ளே எக்ஸ்எல் லேபிள். வெந்நீரில் துவைக்கக் கூடாது என்ற சீட்டுகூட உண்டு.

"சுத்தக் காட்டன் கண்ணு. நல்லா மூச்சு உடும்," என்றார்.

குன்னத்தூரிலிருந்து வரும் சொந்தக்காரர்களுக்கு முதலில் காபி, அடுத்து பனியன் தரிசனம். "என்ற மருமகளுக்காகத் தெச்சது" என்று ஒவ்வொரு தடவையும் சொல்வார். அந்த ஒரு சொல்லுக்காகவே இந்துமதி எத்தனையோ விஷயங்களை மன்னித்திருக்கிறாள்.

போனை வைத்ததும் அவள் பனியன்மீது கை வைத்தாள். இட்லிச்சட்டிச் சூடு. எனக்கு எல்லாம் புரிந்துபோனது. [அவளுக்கு. அவளுக்கு எல்லாம் புரிந்துபோனது.]

5

முடிவுகள், இருப்பில் உள்ளவை:

அ) ஆயம்மாள் குன்னத்தூர் போயிருக்கும்போது கழட்டிவிட்டு, வருவதற்குள் மாட்டிவிடுவது. ஆனால் அவர் ஞாயிற்றுக்கிழமைவரை நகரமாட்டார். கன்றுக்கோ நாளையோடு கெடு.

ஆ) மாரிச்செல்வம் வந்து கழட்டுவது. "ஏனுங்க தம்பி, எங்கூட்டுக் கம்ப்யூட்டர அம்மணமா நிக்க உடுவீங்களா?" என்கிறார் ஆயம்மாள். அவன் ஸ்க்ரூ டிரைவரோடு ஓடுகிறான். சிரிப்பாக இருக்கிறது, வேலைக்கு ஆகாது.

இ) இந்துமதி முகத்துக்கு நேராகச் சொல்கிறாள். ஆயம்மாள் பனியனைக் கழட்டி, மடித்து, பீரோவில் வைத்துப் பூட்டி, அதற்குப் பிறகு மருமகள் என்ற சொல்லையே

அணைந்துவிட்டது. இந்தத் தடவை நானும் கொஞ்சம் அழுதேன்.

6

ஆயம்மாளிடம் ஒரு பழக்கம் உண்டு. வாரப் பத்திரிகைத் தொடர்கதையில் கடைசி வரியை முதலில் வாசிப்பார். பிடித்திருந்தால்தான் மேலே போவார். நாலு மணிக்கு மானிட்டரைத் துடைக்க வரும்போதும், திரையில் எழுத்து இருந்தால் அடியிலிருந்துதான் பார்ப்பார்.

இப்போது மணி மூன்று ஐம்பது. நான் இதை இப்படியே திறந்துவைத்துவிட்டு டீ போடப் போகிறேன்.

முடிவு வாசகர் கையில் என்று கதாசிரியர்கள் பெரிய மனசாகச் சொல்வதுண்டு. இங்கே நிஜமாகவே கையில்தான் இருக்கிறது. கழுத்து ரிப்பைப் பிடித்து மேலே இழுத்தால் வந்துவிடும். இழுப்பதோ, கரடியை அனுப்புவதோ, அந்த ஒரே வாசகர் பாடு. கழுத்து அளவு ஒரு நூல்கூடப் பிசகவில்லை என்பதை அவர் தெரிந்துகொள்ளவேண்டும். அது உண்மை, ஐஸ் வைக்கவில்லை.

ஆரம்பத்தில் சொன்ன அந்த ஒரு வரியை அதனால்தான் கடைசியில் வைக்கிறேன்:

பனியனுக்குள்ள அதுக்கு வேர்க்குதுங்க அத்தை.