அக்கா கொடுத்த சிறுநீரகம்

எட்டு மாதங்களுக்கு முன் அக்கா தன் சிறுநீரகங்களில் ஒன்றைத் தம்பிக்குக் கொடுத்தாள். அன்றிலிருந்து தும்மல் வந்தால்கூட அவளிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும்போல் இருந்தது அவனுக்கு.

மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்ப்பது அவன் வேலை. பல் ஈறு வீங்கியதற்கு ஒரு பல் டாக்டர் மாத்திரை கொடுத்தார். எந்த மருந்தானாலும் எங்களைக் கேட்டுவிட்டுத்தான் விழுங்க வேண்டும் என்று சிறுநீரகப் பிரிவு நர்ஸ் சொன்னது பல்லுக்கும் சேர்த்துத்தான் என்று அவனுக்குத் தோன்றவில்லை. பல் அடங்கியது, வயிறு கழன்றுகொண்டது. தண்ணீர் தண்ணீராக, நாளுக்கு ஏழு தடவை. மருந்துக் கடையில் பேதியை நிறுத்தும் மாத்திரை வாங்கிப் போட்டான்.

தினமும்போல மாலையில் அக்கா போனில் கூப்பிட்டாள்.

"குரல் ஏன்டா கிணத்துக்குள்ளேருந்து வருது?"

"கடைல மெஷின் சத்தம்க்கா."

குளியலறைத் தரையில் உட்கார்ந்திருந்தான்.

ஆறாம் நாள் கால்கள் நிற்க மறுத்தபோதுதான் மருத்துவமனைக்குப் போனான்.

"பேதியை நிறுத்த மாத்திரை போட்டீங்களா? திருடனை உள்ள வெச்சுக் கதவைப் பூட்டியிருக்கீங்க சார்," என்றார் நர்ஸ்.

மறுநாள் மலப் பரிசோதனையில் கிருமி பிடிபட்டது. பல்லுக்குப் போட்ட மருந்து குடலின் நல்ல கிருமிகளைத் துடைத்துவிட, காலி வீட்டில் இது குடியேறியிருந்தது. அதற்கென்று வேறு மருந்து, தனி அறை. வந்தவர்கள் அங்கியும் கையுறையுமாக வந்தார்கள். போகும்போது சோப்பு போட்டுக் கை கழுவினார்கள். கையில் தடவும் ஸ்பிரிட்டுக்கு இந்தக் கிருமி சாகாதாம். அவன் தோளை யாரும் சும்மா தொடவில்லை.

"கிட்னி?" என்று நர்ஸைக் கேட்டான்.

"தண்ணி வத்திப்போய் கொஞ்சம் அடி வாங்கியிருக்கு. தேறிடும்னுதான் டாக்டர் சொல்றாரு. நாளைக்கு ரத்தம் பாத்தாதான் நிச்சயம். வீட்டுக்குச் சொல்லிட்டீங்களா?"

போனை வெகுநேரம் கையில் வைத்திருந்துவிட்டு, அக்காவைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னான்.

"அஞ்சு நாளும் மெஷின் சத்தமா?" என்றாள் அவள்.

"உன் கிட்னியைக் கெடுத்துட்டேனோன்னு பயம்க்கா."

"மடையா, தினம் நான் போன் பண்ணது உனக்கு. அதுக்கு இல்ல."

அவனுக்கு வயிறு மறுபடி இழுத்தது.

"இரு அக்கா... போகணும்."

"போயிட்டு வா. போனை வெக்காம இருக்கேன்."

போனைக் கட்டிலில் வைத்துவிட்டு, சலைன் ஸ்டாண்டைத் தள்ளிக்கொண்டு நடந்தான்.