சீட்டு இல்லாமல் கோப்பு இல்லை

நாற்காலி செய்யும் எங்கள் கம்பெனியில் ஆவண அறை என் பொறுப்பு. என் வீட்டுக்காரர் வரைபடப் பிரிவில் இருக்கிறார். கோப்பு வேண்டுமென்றால் சீட்டு எழுத வேண்டும். திருப்பித் தரும்போதும் அதே சீட்டில் ஒரு வரி எழுதி, தேதி முத்திரை வாங்க வேண்டும். முதலாளிக்கும் இதே கதிதான். இவருக்கு மட்டும் மூக்குக்கு மேல் கோபம் வரும்.

“கட்டின புருஷன்கிட்டயே சீட்டா?”

“புருஷன் எல்லாம் வீட்டுல. இங்க வரிசையில நில்லுங்க.”

கிறுக்கித் தூக்கிப் போட்டுவிட்டுப் போவார். நானும் படிக்க மாட்டேன். முத்திரையைக் குத்திப் பெட்டியில் போடுவேன், அவ்வளவுதான்.

அப்புறம் வந்தது வினை. புது நாற்காலிகள் அத்தனையும் ஆடின. மூல வரைபடத்தில் கால் அளவை யாரோ மாற்றி, வியாழக்கிழமைத் தேதி போட்டிருந்தார்கள். கையெழுத்து கோழிக் கிறுக்கல். அன்று கோப்பு இவரிடம்தான் இருந்தது என்று தயாரிப்பு மேலாளர் அடித்துச் சொன்னார். இவர் வேலையே போய்விடும் நிலைமை.

உள் தணிக்கை மேடம் விசாரணைக்கு உட்கார்ந்தார். பதற்றத்தில் இவருடைய சீட்டை மட்டும் தேடி எடுத்து நீட்டினேன். கோப்பு புதன்கிழமையே திரும்பியிருந்தது.

“பொண்டாட்டி குடுக்கிற சீட்டு! நேத்து உக்காந்து எழுதியிருப்பாங்க,” என்றார் மேலாளர்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் மேடம் சீட்டைச் சத்தமாகப் படித்தார்: “கோப்பு, வாசலில் உட்கார்ந்திருக்கும் ராட்சசியிடம் ஒப்படைக்கப்பட்டது.”

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இவர் குனிந்த தலை நிமிரவில்லை.

“புருஷனைக் காப்பாத்த நினைக்கிறவங்க இப்படியா எழுதி வைப்பாங்க?” மேடம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “சரி, வியாழக்கிழமைச் சீட்டு யாரோடது?”

ஓடிப்போய் எடுத்து வந்தேன். மேலாளருடையது! அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“அட, ஆமா… நான்தான். அவசரத்துல பக்கத்து மாடல் அளவைப் போட்டுட்டேன் போல. மன்னிச்சிடுங்க.”

எனக்கு அப்போதுதான் உயிர் வந்தது.

வீட்டுக்கு நடக்கும்போது இவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“நீ இல்லன்னா என் கதி அதோகதிதான். ஒரே ஒரு உதவி பண்ணேன். அந்தச் சீட்டைக் கிழிச்சுப் போட்டுடு.”

“ஐயையோ, எப்படிங்க? அது இப்ப விசாரணை ஆவணம். நிரந்தரமா வெக்கணும்னு மேடம் எழுதிட்டாங்க. நாம ரெண்டு பேரும் ரிட்டயர் ஆனப்புறமும், வர்ற தணிக்கைக்காரங்க எல்லாம் படிப்பாங்க.”